அமெரிக்காவில் வேலையிடத்தில் அடிபட்டால்: ஒர்க்கர்ஸ் காம்ப் பற்றி ஊழியரும் ஓனரும் கேட்கும் கேள்விகள்

ஒர்க்கர்ஸ் காம்ப் என்றால் சரியாக என்ன?

வேலை காரணமாக ஒருவருக்குக் காயமோ நோயோ வந்தால் மருத்துவச் செலவையும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளத்தில் ஒரு பகுதியையும் தரும் காப்பீடு. பணம் கட்டுவது முதலாளி. யார் தவறு என்ற கேள்வி இதில் கிடையாது. அதற்கு ஈடாக ஊழியர் ஒன்றை விட்டுக்கொடுக்கிறார்: முதலாளி மீது சிவில் வழக்குப் போட்டு, உடல் வலிக்காகவும் மன வேதனைக்காகவும் பெரும் நஷ்டஈடு கேட்க முடியாது.

இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. முன்பெல்லாம் அடிபட்டவர் கோர்ட்டுக்குப் போனால், "உன் சக தொழிலாளியின் கவனக்குறைவுதானே", "ஆபத்து தெரிந்துதானே வேலைக்குச் சேர்ந்தாய்", "உன் மேலும் தப்பு இருக்கிறதே" என்று மூன்று வாதங்களில் எதையாவது சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள். நியூயார்க் மாநிலம் 1910-ல் இதை மாற்ற ஒரு கட்டாயச் சட்டம் கொண்டுவந்தது. 1911 மார்ச் 24 அன்று அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அது செல்லாது என்றது. மறுநாள் மார்ச் 25, மன்ஹாட்டனில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். நியூயார்க் தன் அரசியலமைப்பையே திருத்தி, புதிய சட்டத்தை 1914-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1917-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நிலைத்து நின்ற முதல் மாநிலச் சட்டம் 1911-ல் விஸ்கான்சினில் வந்தது. கடைசியாகச் சேர்ந்தது மிசிசிப்பி, 1948-ல்.

இது மத்திய அரசுச் சட்டமா, மாநிலச் சட்டமா?

மாநிலச் சட்டம். அதனால்தான் டல்லஸில் இருக்கும் நண்பர் சொன்ன கெடுவை நியூஜெர்சியில் இருப்பவர் நம்பக்கூடாது. மத்திய அரசு ஊழியர், ரயில்வே ஊழியர், கப்பல் பணியாளர், துறைமுகத் தொழிலாளர் ஆகியோருக்கு மட்டும் தனி மத்தியச் சட்டங்கள் உண்டு.

எனக்கு ஒரு சின்ன ரெஸ்டாரண்ட். மூன்று பேர்தான் வேலை செய்கிறார்கள். காப்பீடு எடுத்தே ஆக வேண்டுமா?

கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் போன்ற மாநிலங்களில் ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் எடுத்தே ஆக வேண்டும். பகுதி நேரமா முழு நேரமா என்பது பொருட்டல்ல. ஜார்ஜியா, வட கரோலினா, வர்ஜினியாவில் மூன்று பேர் ஆனதும் கட்டாயம். ஃபுளோரிடாவில் கட்டுமானம் அல்லாத தொழிலுக்கு நான்கு பேர். கட்டுமானம் என்றால் ஒருவரே போதும். டென்னசி, அலபாமாவில் ஐந்து.

ஒஹாயோ, வாஷிங்டன், வயோமிங், வட டகோட்டா ஆகிய நான்கில் தனியார் கம்பெனியிடம் பாலிசி வாங்க முடியாது. மாநில நிதியத்தில்தான் சேர வேண்டும். டெக்சஸ் தனி ரகம். அங்கே தனியார் முதலாளி இதில் சேராமலே இருக்கலாம். ஆனால் சேரவில்லை என்பதை ஊழியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதோடு, அடிபட்டவர் வழக்குப் போட்டால் மேலே சொன்ன அந்த மூன்று பழைய வாதங்களையும் முதலாளி எடுக்க முடியாது. ஆனால் முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்கும் பொறுப்பு ஊழியரின் தலையில் விழும். டெக்சஸில் வேலைக்குச் சேருபவர்கள் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: "நீங்கள் காம்ப் எடுத்திருக்கிறீர்களா?"

பிரீமியத்தை ஊழியர் சம்பளத்திலிருந்து பிடிக்கலாமா?

கூடாது. வாஷிங்டன் போல ஊழியரும் ஒரு பங்கு கட்டும்படி சட்டமே சொல்லும் ஓரிரு மாநிலங்கள் மட்டும் விதிவிலக்கு.

அடிபட்டுவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

உயிருக்கு ஆபத்தென்றால் 911, மற்றதெல்லாம் பிறகு. அப்படி இல்லையென்றால், அன்றைக்கே மேனேஜரிடமோ ஓனரிடமோ சொல்லுங்கள். வாயால் சொன்னது போதாது. ஒரு டெக்ஸ்ட், ஒரு ஈமெயில், இரண்டு வரி போதும்: "இன்று மாலை 6 மணிக்குக் கிச்சனில் எண்ணெய்ச் சட்டியை இறக்கும்போது வழுக்கி விழுந்தேன். வலது கை வெந்துவிட்டது, இடுப்பும் தோளும் வலிக்கிறது." தேதி, நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், உடம்பில் எங்கெங்கே வலி, பக்கத்தில் யார் இருந்தார்கள். இவ்வளவும் அதில் இருக்கட்டும்.

உடம்பின் பாகங்களை எழுதும்போது நம்மவர்கள் பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. கை வெந்த எரிச்சலில் மற்ற வலியெல்லாம் பெரிதாகத் தெரியாது. "வலது கை" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மூன்று வாரம் கழித்துத் தோளைத் தூக்க முடியாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், "தோளைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லையே" என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும். லேசான வலியாக இருந்தாலும் எழுதுங்கள். டாக்டரிடம் சொல்லும்போதும் அதே விவரம், அதே வரிசை. "எப்படி ஆச்சு?" என்று அவர் கேட்கும்போது "விழுந்துட்டேன்" என்பதோடு நிறுத்தாமல், "வேலையில் விழுந்தேன்" என்று சொல்லுங்கள். அந்த முதல் மருத்துவக் குறிப்புதான் கடைசிவரை பேசும்.

கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா, நியூயார்க், டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, வர்ஜினியாவில் முதலாளிக்குத் தெரிவிக்க 30 நாள். இல்லினாயில் 45 நாள். மிஷிகனில் 90 நாள். பென்சில்வேனியாவில் 21 நாளுக்குள் சொன்னால் காயம்பட்ட நாளிலிருந்தே பலன் கணக்காகும். 120 நாள் தாண்டினால் உரிமையே போய்விடும்.

முதலாளியிடம் சொன்னதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மாநில அலுவலகத்தில் கிளெய்ம், அதாவது ஈடு கேட்கும் விண்ணப்பம், பதிவுசெய்வது வேறு; அதற்குத் தனிக் கெடு. டெக்சஸ், கலிஃபோர்னியா, ஜார்ஜியாவில் பொதுவாக ஒரு வருடம். நியூயார்க், நியூஜெர்சி, ஃபுளோரிடாவில் இரண்டு. நியூயார்க்கில் சி-3 என்ற படிவத்தை ஊழியரே காம்ப் விஷயங்களைப் பார்க்கும் மாநில வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். முதலாளி அனுப்பிய அறிக்கை உங்கள் கிளெய்ம் ஆகிவிடாது.

ஓனர் நம்ம ஊர்க்காரர். "ரிப்போர்ட் எல்லாம் வேண்டாம்ப்பா, ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். என்ன செய்ய?

எனக்கு அதிகம் கவலை தரும் கேள்வி இதுதான். அவர் நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். வேலை கொடுத்தவர், வந்த புதிதில் தங்க இடம் கொடுத்தவர் என்றால் மறுத்துப் பேச வாய் வராது. ஆனாலும் எழுதிக் கொடுங்கள்.

முதல் பில் சில நூறு டாலர். அதை அவர் கட்டிவிடுவார். அறுவை சிகிச்சை என்று வந்தால் அந்தத் தொகை ஒரு சின்ன உணவகத்தின் மொத்த லாபத்தையே தாண்டும். அப்போது அவரால் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற முடியாது, உங்கள் கெடுவும் முடிந்திருக்கும். இரண்டு குடும்பங்களும் சேர்ந்து கஷ்டப்படும், உறவும் முறியும்.

"அண்ணே, உங்க இன்சூரன்ஸ்தான் கட்டப் போகுது. இதுக்குத்தானே வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறீங்க? நான் உங்க மேல கேஸ் போடலை" என்று சொல்லிப் பாருங்கள். பல ஓனர்கள் பயப்படுவது கேஸ் என்ற சொல்லுக்குத்தான். கிளெய்ம் என்பது வழக்கு அல்ல என்று தெரிந்ததும் இறங்கி வருவார்கள். பிரீமியம் ஏறும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் மறைத்தது பிறகு தெரியவந்தால் அபராதமும் வந்து சேரும்.

சொந்த ஹெல்த் இன்சூரன்ஸில் பார்த்துக்கொள் என்று சொல்வதும் இதே வகைதான். வேலைக் காயத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் பொதுவாகக் கட்டாது; தெரியாமல் கட்டியிருந்தாலும் பிறகு திருப்பிக் கேட்கும்.

ஊழியர் வந்து சொல்லிவிட்டார். ஓனராக என் கடமை என்ன?

மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும், மாநிலம் கேட்டால் மாநில வாரியத்துக்கும், காயம் பற்றிய முதல் அறிக்கையை அனுப்புங்கள். ஃபுளோரிடாவில் இன்சூரன்ஸுக்குத் தெரிவிக்க ஏழு நாள். நியூயார்க்கில் 10 நாள்.

கலிஃபோர்னியாவில் முதலுதவியைத் தாண்டிய காயம் என்றால், தெரிந்த ஒரு வேலை நாளுக்குள் டி.டபிள்யூ.சி.-1 என்ற படிவத்தை ஊழியர் கையில் கொடுக்க வேண்டும். அதன் மேல் பகுதி ஊழியருக்கு: பெயர், காயம் நடந்த தேதி, இடம், உடம்பின் எந்தப் பகுதி. கீழ்ப்பகுதி உங்களுக்கு: எப்போது உங்களுக்குத் தெரிந்தது, எப்போது படிவம் கொடுத்தீர்கள், எப்போது திரும்ப வந்தது, எந்த இன்சூரன்ஸ். அந்த மூன்று தேதிகளும் உங்களைக் காப்பவை. ஞாபகத்தில் இருந்து பிறகு நிரப்பாமல் அன்றன்றே எழுதுங்கள். நிரப்பிய படிவம் வந்த ஒரு வேலை நாளுக்குள், முடிவு வரும்வரை 10,000 டாலர் வரை சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தாக வேண்டும். 90 நாளுக்குள் இன்சூரன்ஸ் மறுக்கவில்லை என்றால் அது வேலைக் காயம் என்றே பொதுவாகக் கொள்ளப்படும்.

இது உண்மையில் வேலையில் நடந்ததா என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தாலும் அறிக்கையை நிறுத்தி வைக்கக் கூடாது. சந்தேகத்தை இன்சூரன்ஸ் கம்பெனியின் அட்ஜஸ்டரிடம் சொல்லுங்கள். விசாரிப்பது அவர் வேலை.

ஊழியர் இறந்துவிட்டால் 8 மணி நேரத்துக்குள்ளும், ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டாலோ உறுப்பு துண்டிக்கப்பட்டாலோ கண் போனாலோ 24 மணி நேரத்துக்குள்ளும் ஓஷா எனப்படும் பணியிடப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். இது காம்ப் அறிக்கையோடு சேராத தனிக் கடமை. சின்னக் கடைக்கும் உண்டு. காப்பீட்டு அறிவிப்பை ஊழியர் கண்ணில் படும் சுவரில் ஒட்டி வைக்கவும் மறக்காதீர்கள்.

எந்த டாக்டரிடம் போவது? யார் முடிவுசெய்வது?

நியூயார்க்கில், வாரியம் அங்கீகரித்தவர்களில் நீங்களே பொதுவாகத் தேர்ந்தெடுக்கலாம். நியூஜெர்சியிலும் ஃபுளோரிடாவிலும் முதலாளி அல்லது இன்சூரன்ஸ் சொல்லும் டாக்டர்தான். பென்சில்வேனியாவில் குறைந்தது ஆறு பேர் கொண்ட பட்டியலை முதலாளி முறைப்படி அறிவித்திருந்தால் முதல் 90 நாள் அதற்குள்ளேயே பார்க்க வேண்டும். அவசர சிகிச்சைக்கு எந்த எமர்ஜென்சிக்கும் போகலாம். ஆனால் அடுத்த அப்பாயிண்ட்மெண்டை வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் பார்த்த பில் உங்கள் தலையில் விழலாம்.

சம்பளம் எவ்வளவு வரும்?

பெரும்பாலான மாநிலங்களில் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நியூஜெர்சியில் 70 சதவீதம், மாசசூசெட்ஸில் 60 சதவீதம். எல்லா இடத்திலும் வாரத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, ஐ.டி. சம்பளம் வாங்குபவர்களுக்கு அந்த வரம்புதான் பெரும்பாலும் கையில் வரும் தொகை. இந்தப் பணத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது.

முதல் சில நாட்களுக்குச் சம்பள ஈடு வராது. கலிஃபோர்னியாவில் மூன்று நாள். 14 நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால் அந்த மூன்று நாளுக்கும் சேர்த்துத் தருவார்கள். நியூயார்க்கிலும் டெக்சஸிலும் ஏழு நாள். மருத்துவச் செலவுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, அது முதல் நாளிலிருந்தே உண்டு.

சம்பளத்தின் ஒரு பகுதியை ரொக்கமாக வாங்குபவர்கள் இங்கே அடிவாங்குகிறார்கள். கணக்கில் இல்லாத டாலரை நிரூபிப்பது கடினம்.

என் கவனக்குறைவால்தான் விழுந்தேன். அப்படியும் கிடைக்குமா?

கிடைக்கும். குடிபோதை, வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, தானே சண்டையை ஆரம்பிப்பது போன்றவைதான் பொதுவாகத் தடை.

வீட்டிலிருந்து வேலை செய்யும்போது விழுந்தால்? ஆபீஸுக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால்?

வீடோ ஆபீஸோ, காயம் வேலையால் வந்ததா, வேலை செய்துகொண்டிருந்தபோது வந்ததா என்பதுதான் கேள்வி. மீட்டிங் நடுவே கம்பெனி கொடுத்த மானிட்டரைத் தூக்கும்போது முதுகு பிடித்தால் வழி உண்டு. துணி மடித்துக்கொண்டிருக்கும்போது என்றால் கிடையாது. வழக்கமான போக்குவரத்து இதில் சேராது. வங்கிக்குப் போய் வா என்று ஓனர் அனுப்பிய வழியில் நடந்தால் சேரும்.

கீபோர்டில் தட்டித் தட்டி மணிக்கட்டு போய்விட்டது. இதற்கு எந்தத் தேதியை எழுதுவது?

மெல்ல மெல்ல வரும் காயங்களும் பல மாநிலங்களில் செல்லும். கலிஃபோர்னியாவில், வேலை செய்ய முடியாமல் போய், அதற்குக் காரணம் வேலைதான் என்று உங்களுக்குத் தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கு. டாக்டர் "இது வேலையால் வந்தது" என்று சொன்ன அன்றைக்கே கம்பெனிக்கு எழுதுங்கள். வர்ஜினியா இதில் கடுமை: கார்ப்பல் டனல் எனப்படும் மணிக்கட்டு நரம்புக் கோளாறு தவிர, திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் பெரும்பாலான காயங்களை ஏற்பதில்லை, கார்ப்பல் டனலுக்கும் சான்று பலமாக இருக்க வேண்டும்.

ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். கிளெய்ம் போட்டால் விசாவுக்குப் பாதிப்பு வருமா?

இது அரசு தரும் உதவித்தொகை அல்ல, உங்கள் வேலைக்கான காப்பீட்டுத் தொகை. எந்த விசா என்பதை வைத்து இந்த உரிமை தீர்மானிக்கப்படுவதில்லை. வேலை அனுமதிப் பத்திரமே இல்லாதவர்களுக்கும் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் மருத்துவச் செலவு உண்டு. நீண்ட விடுப்பில் இருக்க நேர்ந்தால் மட்டும் குடிவரவு வக்கீலைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சட்டம் வேறு.

கன்சல்டன்சி வழியாகக் கிளையண்ட் இடத்தில் வேலை செய்பவர்கள் இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும். பொதுவாகச் சம்பளம் போடும் கன்சல்டன்சியின் பாலிசிதான் கட்டும். 1099-ல், அதாவது கான்ட்ராக்டர்களுக்கான வரிப் படிவத்தில், இருப்பவர்கள் "நான் கான்ட்ராக்டர், எனக்குக் கிடையாது" என்று தாங்களே முடிவுகட்டிவிட வேண்டாம். காகிதத்தில் என்ன பெயர் வைத்தார்கள் என்பதைவிட, உண்மையில் வேலை எப்படி நடந்தது என்றே வாரியம் பார்க்கும். கலிஃபோர்னியாவில் 2020 முதல், ஊழியர் அல்ல என்று நிரூபிக்க வேண்டியது வேலை கொடுப்பவர்தான்.

லேசான வேலை தருகிறோம், வா என்கிறார்கள். போக வேண்டுமா?

டாக்டர் எழுதிய கட்டுப்பாடுகளுக்குள் அந்த வேலை அடங்கினால் போங்கள். காரணமில்லாமல் மறுத்தால் வாரப் பணம் நின்றுபோகலாம். "10 பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது" என்று சீட்டில் இருக்க, அரிசி மூட்டையை எடுத்து வை என்றால் சீட்டைக் காட்டி மறுக்கலாம். அதன் நகல் ஒன்று எப்போதும் போனில் இருக்கட்டும். ஓனர்களுக்கு: கட்டுப்பாட்டை மீறி ஒரே ஒருநாள் வேலை வாங்கி, காயம் முற்றினால், அதுவும் உங்கள் பாலிசியில்தான் ஏறும்.

ஊழியராக எனக்கு வேறென்ன பொறுப்பு?

அப்பாயிண்ட்மெண்டுகளுக்குத் தவறாமல் போக வேண்டும். இன்சூரன்ஸ் அனுப்பும் டாக்டரின் பரிசோதனைக்கும் போக வேண்டும். பழைய காயம் இருந்தால் மறைக்காதீர்கள். பழைய முதுகுவலி வேலையால் மோசமானாலும் பல மாநிலங்களில் உரிமை உண்டு, ஆனால் மறைத்தது தெரிந்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். வாரப் பணம் வாங்கிக்கொண்டே வேறிடத்தில் வேலை செய்து அதைச் சொல்லாமல் இருப்பது குற்றம்.

கிளெய்ம் போட்டதற்காக வேலையை விட்டு எடுத்தால்?

பெரும்பாலான மாநிலங்களில் அது சட்டவிரோதம். கலிஃபோர்னியாவில் தொழிலாளர் சட்டம் 132ஏ பிரிவு, டெக்சஸில் 451-ஆம் அத்தியாயம். ஆனால் காயம் ஆறும்வரை இடத்தைக் காலியாகவே வைத்திருக்க வேண்டும் என்று காம்ப் சட்டம் பொதுவாகச் சொல்வதில்லை. அதற்கு மருத்துவ விடுப்புச் சட்டம், ஊனமுற்றோர் சட்டம் என்று வேறு கதவுகளைத் தட்ட வேண்டும்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். ஓனரிடம் காப்பீடே இல்லை என்றும் இப்போதுதான் தெரிகிறது.

இரண்டும் தனித்தனிச் சிக்கல். மறுப்புக் கடிதம் முடிவல்ல. மாநில வாரியத்தின் நீதிபதி முன் விசாரணை கேட்கலாம். கடிதத்தில் இருக்கும் கெடுவை முதலில் பாருங்கள். வக்கீலுக்கு முன்பணம் தர வேண்டியதில்லை; கிடைக்கும் தொகையில் ஒரு பங்குதான், அதற்கும் வரம்பு உண்டு: இல்லினாயில் பொதுவாக 20 சதவீதம், டெக்சஸில் 25.

காப்பீடு இல்லாத முதலாளிகளிடம் அடிபட்டவர்களுக்காக நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் தனி நிதியம் வைத்திருக்கின்றன. அது கொடுத்ததை முதலாளியிடமிருந்து பிறகு வசூலிக்கும். கலிஃபோர்னியாவில் காப்பீடு இல்லாமல் ஆள் வைப்பதே கிரிமினல் குற்றம். கடையை மூடும்படியும் உத்தரவு வரலாம். காப்பீடு இல்லாத ஓனர் மீது நேரடியாக வழக்கும் போடலாம்; சட்டம் தந்த கவசத்தை அவர்தான் இழந்துவிட்டாரே.

டெலிவரிக்குப் போனபோது வேறொருவர் கார் இடித்தது. அவர் மீது வழக்குப் போடலாமா?

போடலாம். வழக்குத் தடை உங்கள் முதலாளிக்கும் சக ஊழியர்களுக்கும் மட்டும்தான். காம்ப் கொடுத்த தொகையை அந்த வழக்கில் வரும் பணத்திலிருந்து இன்சூரன்ஸ் திரும்பக் கேட்கும்.

வேலையில் ஒருவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

ஈமச்செலவும், அவரை நம்பியிருந்தவர்களுக்கு இறப்பு ஈடும். கலிஃபோர்னியாவில் முழுக்க நம்பியிருந்தவர் ஒருவரென்றால் 2,50,000 டாலர், இருவரென்றால் 2,90,000, மூவர் அல்லது மேலென்றால் 3,20,000. ஈமச்செலவுக்கு 10,000 வரை. வேறு பல மாநிலங்களில் இப்படி மொத்தத் தொகை குறிக்காமல் வாராவாரம் தருவார்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கி ரசீதுகள், அவர்கள் இவரை நம்பியிருந்தார்கள் என்பதற்குச் சான்றாகும். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இதையெல்லாம் தேடத் தெம்பு இருக்காது. நண்பர்கள்தான் அந்தக் காகிதங்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. விசாரணையில் எப்படிப் பேசுவது?

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். நியூயார்க் வாரியம் இலவசமாக ஏற்பாடு செய்யும். கலிஃபோர்னியாவில் டாக்டரிடம் போகும்போதும் தகுதியான மொழிபெயர்ப்பாளருக்கு உங்களுக்கு உரிமை உண்டு, செலவு இன்சூரன்ஸுடையது. தேதி குறித்த கடிதம் வந்த உடனே கேட்டு வையுங்கள், தமிழுக்கு ஆள் கிடைக்க நாளாகும். ஓனரின் மனைவியோ மேனேஜரோ "நான் சொல்லிடறேன்" என்று முன்வந்தால், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.